கோப்பைக்கு ஏங்கிய தேயிலை மன்னர்

தேயிலை விற்றுக் கோடீசுவரர் ஆனவர் சர் தாமஸ் லிப்டன். பங்களா, கப்பல், பட்டம், பதவி எல்லாம் அவருக்குக் கிடைத்தன. இங்கிலாந்து ராஜாவே அவருக்கு நண்பர்.

ஆனால் அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. அதற்காக 31 ஆண்டுகள் முயன்றார். 5 தடவை தோற்றார்.

அதே லிப்டன், மற்றவர்கள் விளையாடி ஜெயிக்கட்டும் என்று ஒரு கோப்பை கொடுத்தார். அதை வென்றவர்கள் யார் தெரியுமா? நிலக்கரி வெட்டும் தொழிலாளர்கள்! வென்ற கோப்பையை அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கோப்பையின் கதையும், அதைக் கொடுத்தவரின் கதையும் இது.

பஞ்சத்தில் வந்தவர்கள்

1845-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் உணவு. பயிர் அழுகியது. பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்படிக் கிளம்பியவர்களில் லிப்டனின் தாய் தந்தையரும் உண்டு. கடலைத் தாண்டி ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்கு வந்தார்கள். ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் பகுதியில் குடியேறினார்கள். 1848-இல் அங்கே பிறந்தவர்தான் தாமஸ். கூடப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் இறந்துபோனார்கள். தாமஸ் ஒருவர்தான் தங்கினார்.

தகப்பனார் சிறிய கடை ஒன்று வைத்தார். வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி விற்கிற கடை. அந்தக் கடையைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை உண்டு.

தகப்பனாருக்குப் பெரிய கை. அவர் முட்டையை எடுத்துக் கொடுத்தால், முட்டை சிறியதாகத் தெரியும். தாயாருக்குச் சின்னக் கை. அவர் கொடுத்தால் அதே முட்டை பெரியதாகத் தெரியும். ஆகவே முட்டை விற்கும் வேலையை அம்மாவிடம் விட்டுவிடும்படி சிறுவன் தாமஸ் யோசனை சொன்னானாம்!

கதை உண்மையோ, பிற்பாடு ஜோடித்ததோ! ஆனால் லிப்டன் எப்படிப்பட்டவர் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

நாற்காலியும் மாவும்

வீட்டில் வறுமை. ஆகவே படிப்பைச் சீக்கிரமே நிறுத்திவிட்டுத் தாமஸ் வேலைக்குப் போனான். அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலை. பிறகு சட்டைத் துணி வெட்டும் இடத்தில் வேலை. அதற்குப் பின் கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் ஓடிய நீராவிக் கப்பலில் வேலைக்காரப் பையன்.

கப்பலில் வந்தவர்கள் அமெரிக்காவைப் பற்றிப் பேசினார்கள். அங்கே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பையன் காசு சேர்த்தான். கப்பல் ஏறிவிட்டான்.

அமெரிக்காவில் அப்போதுதான் உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. அங்கே ஐந்து ஆண்டு காலம் அவர் பார்க்காத வேலை இல்லை. வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம். தென் கரோலினாவில் நெல் விளையும் பண்ணையில் கணக்கு வேலை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்றார். கடைசியில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் மளிகைப் பகுதியில் வேலை கிடைத்தது.

அங்கேதான் அவர் கண் திறந்தது. சாமானை அடுக்கி வைப்பதில் ஒரு அழகு. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கவர்ச்சி. வாங்க வருகிறவர்களிடம் சிரித்த முகம். எல்லாவற்றுக்கும் மேலாக விளம்பரம்! கிளாஸ்கோ கடைக்காரர்களுக்கு இந்த வித்தை தெரியாது என்று கண்டுகொண்டார்.

ஊருக்குத் திரும்பும்போது தாயாருக்கு இரண்டு பரிசு வாங்கி வந்தார். ஒன்று, ஆடும் நாற்காலி. இன்னொன்று, ஒரு பீப்பாய் நிறையக் கோதுமை மாவு!

பன்றி ஊர்வலம்

1871-இல் கிளாஸ்கோவில் லிப்டன் சொந்தக் கடை திறந்தார். அப்போது அவருக்கு 23 வயது.

தரகர் கையில் சரக்கு வாங்காமல், விளைகிற இடத்திலேயே வாங்கினார். ஆகவே மலிவாக விற்க முடிந்தது. மலிவு என்பதை ஊருக்குச் சொல்ல அவர் செய்த கூத்துக்கள் பல.

கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலமாக ஓட்டிவிட்டார். அவை லிப்டன் கடைக்குப் போகின்றன என்று பலகை! ஊரே வேடிக்கை பார்த்தது. கடை வாசலில் இரண்டு கண்ணாடிகள் வைத்தார். உள்ளே போகிறவர் ஒரு கண்ணாடியில் பார்த்தால் எலும்பும் தோலுமாகத் தெரிவார். வெளியே வருகிறவர் இன்னொன்றில் பார்த்தால் குண்டாகத் தெரிவார். ஒரு பவுன் நோட்டு மாதிரியே விளம்பரச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். சிலர் அதை அசல் நோட்டு என்று நினைத்து மாற்றப் போய், வழக்கு வம்புகூட வந்தது.

1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து பிரமாண்டமான பாலாடைக் கட்டி ஒன்றை வரவழைத்தார். அதற்குள் தங்கக் காசுகளைச் செருகி வைத்தார். துண்டு போட்டு விற்றபோது, கூட்டத்தைச் சமாளிக்கப் போலீசார் வரவேண்டியதாயிற்று.

ஒரு கடை பத்தாயிற்று. பத்து நூறாயிற்று. 1880-களின் முடிவில் பிரிட்டன் முழுவதும் லிப்டன் கடைகள் சுமார் 300 இருந்தன.

1889-இல் அவருடைய தாயார் காலமானார். லிப்டன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயார்தான் அவருக்கு எல்லாம். அந்தத் துக்கத்தை மறக்கத்தானோ என்னவோ, மறு ஆண்டே நீண்ட பிரயாணம் கிளம்பினார். போய் இறங்கிய இடம் இலங்கை.

கொழுந்து பறித்த கைகள்

இலங்கையில் அதற்கு முன் காப்பித் தோட்டங்கள் கொழித்தன. 1869 முதல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் பரவியது. தோட்டங்கள் பாழாயின. துரைமார்கள் நஷ்டப்பட்டார்கள். நிலம் வந்த விலைக்கு விற்றது. காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட ஆரம்பித்தார்கள்.

லிப்டன் 1890-இல் அங்கே போய்த் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்குப் பக்கத்தில் உள்ள தம்பேத்தன்ன தோட்டம் அவற்றில் ஒன்று. அங்கே மலை உச்சியில் அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்வையிட்ட இடத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அதுவரை லண்டனில் ஒரு ராத்தல் தேயிலை மூன்று ஷில்லிங் அளவுக்கு விற்றது. ஏழைகளுக்கு அது பாரமான விலை. லிப்டன் ஏறக்குறையப் பாதி விலைக்கு விற்றார். ஒரு ராத்தல், அரை ராத்தல், கால் ராத்தல் என்று பொட்டலம் கட்டி விற்றார். தண்ணீருக்குத் தண்ணீர் டீயின் ருசி மாறும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் ஏற்றபடி தேயிலையைக் கலந்தார். இங்கிலாந்தில் கூலி வேலை செய்கிறவனும் டீ குடித்தான்!

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார்? நம்மவர்கள். திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கங்காணிகள் கூட்டிப் போன தமிழர்கள். முதலில் போனவர்கள் படகில் மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு அறை, சொற்பக் கூலி. பொழுது விடியுமுன் பனியில் நின்று, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர்கள் பறித்த கொழுந்துதான் லிப்டனைக் கோடீசுவரர் ஆக்கியது. அவருடைய தாராளத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தாராளமும் உண்மையே. 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழா வந்தது. லண்டன் ஏழைகளுக்கு விருந்து போட ராஜ குடும்பத்தார் நிதி திரட்டினார்கள். போதிய பணம் சேரவில்லை. லிப்டன் ஒருவரே 25 ஆயிரம் பவுன் கொடுத்தார். மறு ஆண்டு அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது.

முதல் தோல்விகள்

அப்போதுதான் அவருக்கு அந்த ஆசை பிறந்தது.

1851-இல் ஒரு பாய்மரக் கப்பல் பந்தயம் இங்கிலாந்தில் நடந்தது. அமெரிக்கக் கப்பல் ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. அமெரிக்கக் கோப்பை என்று அதற்குப் பெயர். எத்தனையோ சீமான்கள் முயன்றும் அதை மீட்க முடியவில்லை. தாமே மீட்பது என்று லிப்டன் கிளம்பினார்.

கப்பல் கட்டினார். ‘ஷாம்ராக்’ என்று பெயர் வைத்தார். அது அயர்லாந்தின் அடையாளமான மூன்று இலைச் செடியின் பெயர். பெற்றோர் பிறந்த நாட்டை அவர் மறக்கவில்லை.

1899-இல் போனார், தோற்றார். 1901-இல் இரண்டாவது ஷாம்ராக், தோற்றது. 1903-இல் மூன்றாவது ஷாம்ராக், அதுவும் தோற்றது. மூன்று முறையும் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. லிப்டன் முகம் சுளிக்கவில்லை. ஜெயித்தவர்களின் கையைக் குலுக்கிவிட்டு வந்தார். அமெரிக்க ஜனங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்சம் கணக்கும் இதில் உண்டு: ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அமெரிக்காவில் லிப்டன் டீ இன்னும் பிரபலமாயிற்று!

தமக்குக் கோப்பை கிடைக்காதவர் பிறருக்குக் கோப்பை கொடுக்க ஆரம்பித்தார். 1905-இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் கால்பந்து ஆடுவதற்கு ஒன்று கொடுத்தார். பிறகு இத்தாலியில் உள்ள டூரின் நகரில் பல நாட்டுக் குழுக்கள் ஆடுவதற்கு இன்னொன்று. இந்த இரண்டாவது கோப்பைதான் நம் கதைக்கு வேண்டியது.

சுரங்கக் குழு

இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளிலிருந்து குழுக்கள் வர ஒப்புக்கொண்டன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் மட்டும் குழு அனுப்ப மறுத்துவிட்டது. தம் கோப்பைக்குப் பிரிட்டனிலிருந்து யாரும் ஆடாமல் இருப்பதா? லிப்டனுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு குழுவுக்கு அழைப்புப் போயிற்று.

எந்தக் குழு? பெரிய நகரத்துப் பேர்பெற்ற குழு அல்ல. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் வட்டாரத்தில் உள்ள மேற்கு ஆக்லாந்து என்ற சிறிய சுரங்கக் கிராமத்தின் குழு! ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். பூமிக்குள் இறங்கிக் கரி வெட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் பந்து ஆடுகிறவர்கள். அவர்கள் ஆடிய வடக்கு லீக்கிலேகூட அந்த ஆண்டு அவர்கள் பெரிய குழு இல்லை.

அவர்களுக்கு எப்படி அழைப்பு வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். லண்டனில் உல்விச் ஆர்சனல் என்ற பெரிய குழு இருந்தது. ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்துக்களும் மேற்கு ஆக்லாந்தின் முதல் எழுத்துக்களும் ஒன்றே. லிப்டனின் ஆட்கள் குழம்பிப்போய் விலாசத்தை மாற்றி எழுதிவிட்டார்களாம்! சிரிக்க நல்ல கதை. ஆதாரம் ஒன்றும் இல்லை. லிப்டன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்கு வடக்கு லீக்கோடு தொடர்பு இருந்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

அழைப்பு வந்துவிட்டது, போகப் பணம்? இத்தாலி எங்கே, டர்ஹாம் எங்கே! வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் கிடையாது. வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் வழிச்செலவுக்குப் பணம் சேர்த்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். வீட்டில் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1909 ஏப்ரல். டூரின் நகரில் ஆட்டம். முதலில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்துக் குழு எதிர்த்தது. சுரங்கத் தொழிலாளர்கள் 2 கோல் போட்டார்கள். எதிரிக்கு ஒன்றும் இல்லை. இறுதி ஆட்டம் ஏப்ரல் 12-ந் தேதி. எதிரி சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் குழு. அதிலும் 2-0. கோப்பை மேற்கு ஆக்லாந்துக்கு!

இதுதான் உலகத்தின் முதல் உலகக் கோப்பை என்று அந்த ஊரார் பெருமை பேசுவார்கள். அது கொஞ்சம் மிகை. 1908-லேயே டூரினில் பல நாட்டுக் குழுக்கள் ஆடிய ஒரு போட்டி நடந்திருக்கிறது. ஆனாலும், நாடுகள் ஆடும் உலகக் கோப்பை உருகுவேயில் தொடங்குவதற்கு 21 ஆண்டு முன்பே, கரி வெட்டுகிறவர்கள் அயல்நாடு போய் ஜெயித்தது சிறிய விஷயமா?

ஆறு கோல்

1911-இல் மீண்டும் போட்டி. கோப்பையைக் காப்பாற்ற அவர்கள் மீண்டும் டூரின் போனார்கள். சூரிச் குழுவை 2-0 என்று தோற்கடித்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது டூரின் நகரின் சொந்தக் குழு. பெயர் ஜுவென்டஸ். இன்று உலகம் முழுவதும் தெரிந்த அதே ஜுவென்டஸ்தான்!

ஏப்ரல் 17-ந் தேதி ஆட்டம். ஊர்க் கூட்டம் எல்லாம் எதிர்ப்பக்கம். முடிவு என்ன? மேற்கு ஆக்லாந்து 6, ஜுவென்டஸ் 1.

இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது. சந்தோஷமாக ஊர் திரும்பினார்கள். ஆனால் சங்கத்தின் பெட்டியில் காசு இல்லை, கடன்தான் இருந்தது. ஊரில் ஹோட்டல் நடத்திய ஒரு அம்மாளிடம் 40 பவுன் வாங்கினார்கள். ஈடாகக் கொடுக்க என்ன இருக்கிறது? கோப்பைதான் இருந்தது. கொடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச காலத்தில் சங்கமே கலைந்தது. பிறகு வேறு பெயரில் மீண்டும் எழுந்தது. கோப்பை மட்டும் திரும்பவில்லை. அந்த அம்மாளோடு அது ஊரைவிட்டே போய்விட்டது.

ஒரே ஒரு பந்தயம்

லிப்டன் விஷயத்துக்கு வருவோம். 1914-இல் நான்காவது ஷாம்ராக் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுக்கடலில் இருக்கும்போது முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. பந்தயம் நின்றது.

அந்த ஆண்டு அவருக்குத் தலைகுனிவும் ஏற்பட்டது. ராணுவத்துக்குச் சாமான் சப்ளை செய்யும் கான்ட்ராக்டுக்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் அவர் கம்பெனி ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள். லிப்டன் மீது வழக்கு இல்லை. ஆனாலும் பெயர் கம்பெனியின் பெயர் அல்லவா?

போரில் அவர் தம் சொந்த உல்லாசக் கப்பலான ‘எரின்’-இல் டாக்டர்களையும் நர்சுகளையும் செர்பியாவுக்கு ஏற்றிப் போனார். அங்கே டைபஸ் என்ற கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தது. அவரும் கூடவே போய் ஆஸ்பத்திரிகளைச் சுற்றினார். பிற்பாடு கடற்படை எடுத்துக்கொண்ட அந்தக் கப்பல், 1916-இல் மால்டா தீவுக்கு அருகே கண்ணிவெடியில் மூழ்கியது.

1920-இல் பந்தயம் நடந்தது. ஐந்தில் மூன்று ஜெயித்தால் கோப்பை. முதல் பந்தயத்தில் அமெரிக்கக் கப்பலின் பாய்க்கயிறு அறுந்தது, லிப்டனுக்கு வெற்றி. இரண்டாவதிலும் வெற்றி! இன்னும் ஒன்று போதும். 21 ஆண்டு கனவு கைக்கெட்டும் தூரத்தில்!

மூன்றாவது பந்தயத்தில் இரண்டு கப்பல்களும் ஓடி முடித்த நேரம் ஒன்றே. ஆனால் விதிப்படி, பெரிய பாய் உள்ள கப்பல் சின்னதற்குச் சலுகை நேரம் கொடுக்க வேண்டும். லிப்டன் கப்பல் 7 நிமிடம் 1 விநாடி கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் தோற்றது. அடுத்த இரண்டு பந்தயமும் போயின.

1930-இல் கடைசி முறை போனார். வயது 82. ஐந்தாவது ஷாம்ராக்கும் நான்கு பந்தயத்திலும் தோற்றது. அப்போது அமெரிக்க மக்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தங்கத்தில் ஒரு கோப்பை செய்து அவருக்குக் கொடுத்தார்கள். அழகாகத் தோற்றவருக்குப் பரிசு!

மளிகைக் கடைக்காரர் என்று அவரை வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்த இங்கிலாந்தின் ராஜ படகுச் சங்கம், 1931-இல்தான் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே அக்டோபர் 2-ந் தேதி லிப்டன் இறந்தார். கிளாஸ்கோவில் தாய் தந்தையரின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். சொத்தில் பெரும் பகுதியை அந்த நகரத்தின் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

நூறு பவுன்

அவர் கொடுத்த கோப்பை என்னவாயிற்று?

1960-இல் மேற்கு ஆக்லாந்து ஜனங்கள் அந்த அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். லிவர்பூலில் இருந்தார். கோப்பையும் பத்திரமாக இருந்தது. ஊர் முழுவதும் வசூல் செய்தார்கள். 100 பவுன் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார்கள்! 49 ஆண்டுகளுக்கு முன் வென்றது.

நல்ல நேரமும் கூடி வந்தது. அந்த ஆண்டும் மறு ஆண்டும் வடக்கு லீக்கில் அவர்களே முதல். 1889-இல் தோன்றிய பழைய லீக் அது. 1961-இல் தொழில்முறை அல்லாதவர்களுக்கான தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, லண்டன் வெம்பிளி மைதானத்துக்கே போனார்கள். வால்தம்ஸ்டோ அவென்யூ குழுவிடம் 1-2 என்று தோற்றார்கள்.

பிற்காலத்தில் அந்தக் குழுவினர் வேறு வேலை பார்த்துக்கொண்டே, சிறு ஊதியத்துக்கு ஆடுகிறவர்களாக இருந்தார்கள். சிறிய சங்கங்களுக்கான தேசியப் போட்டியில் 2012-இலும் 2014-இலும் வெம்பிளிக்குப் போனார்கள். ஒரு முறை 0-2, மறுமுறை 0-1. மூன்று தடவை வெம்பிளி. மூன்று தடவையும் தோல்வி! லிப்டன் இருந்திருந்தால் அவர்கள் முதுகைத் தட்டியிருப்பார்.

மீட்ட கோப்பையை ஊரில் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். 1994 ஜனவரியில் ஒரு நாள் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தேடியும் கிடைக்கவில்லை. அதைப் போலவே இன்னொன்று செய்து அதே ஊரில் வைத்தார்கள்.